நிஸ்குவாலி ஆற்றில் சால்மன் மீட்பு: உரிமை முன்னால், உறவு பின்னால்

வாஷிங்டன் மாநிலத்தின் நிஸ்குவாலி ஆற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2009ல் தொடங்குவார்கள். கழிமுகத்தில் நூறாண்டுக்கு மேல் நின்ற மண்கரையை அந்த ஆண்டுதான் அகற்றி, 762 ஏக்கர் நிலத்துக்குள் கடல்நீரை மறுபடி விட்டார்கள். பழங்குடித் தலைவர், ராணுவ அதிகாரி, பண்ணைக்காரர், மின் நிறுவனத்தார் எல்லாரும் கூடி சால்மனைக் காப்பாற்றினார்கள் என்று அங்கேயே கதையை முடித்தும் விடுவார்கள். அந்தக் கதை பாதிதான் உண்மை. அவர்கள் கூடியது நிஜம். ஆனால் அவர்களைக் கூட வைத்தது வெறும் நல்லெண்ணம் அல்ல. அதற்கு முன்னால் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. அந்தத் தீர்ப்புக்கும் முன்னால் பல பத்தாண்டுக் கைதுகளும் பறிமுதல்களும் இருந்தன. இந்த வரிசையை விட்டுவிட்டால், வேறு ஊர்களில் ஆற்றை மீட்க நினைப்பவர்கள் தவறான இடத்தில் தொடங்கிவிடுவார்கள். அதனால் இதை 1854லிருந்தே சொல்கிறேன்.

ஆறு யார் யார் கையில்

ரெய்னியர் மலையின் பனிப்பாறையில் பிறந்து, சுமார் 130 கிலோமீட்டர் ஓடி, பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலில் கலக்கிறது நிஸ்குவாலி. பெரிய ஆறு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நீளத்துக்குள் அதற்கு எத்தனை சொந்தக்காரர்கள்! உச்சியில் தேசியப் பூங்கா. அதற்குக் கீழே மர நிறுவனங்களின் காடு. அப்புறம் டகோமா நகர மின் நிறுவனத்தின் ஆல்டர், லாகிராண்ட் அணைகள். யெல்ம் ஊர்ப் பக்கம், சென்ட்ரேலியா நகரம் மின்சாரத்துக்காக ஆற்றுநீரைத் திருப்பிக்கொள்ளும் கால்வாய். பால் பண்ணைகள், முட்டைப் பண்ணைகள், ஈட்டன்வில் போன்ற சிற்றூர்கள். கீழ்ப்பகுதியில் ஒரு கரை ராணுவ முகாம், மறுகரை நிஸ்குவாலி பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலம். கடைசியில் வனவிலங்குப் புகலிடமாக இருக்கும் கழிமுகம். நடுவில் மூன்று மாவட்ட நிர்வாகங்கள் வேறு.

சால்மனுக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. சினூக் என்ற சால்மன் வகையின் தாய் மீன் ஆற்றுப் படுகையில் வாலால் கூழாங்கற்களை விசிறிக் குழி தோண்டி, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, மறுபடி கல்லால் மூடிவிட்டு, சில நாட்களில் இறந்துபோகும். முட்டை பிழைக்கக் கற்களுக்கு நடுவே குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே காட்டை வெட்டி மண் சரிந்து வந்தால் அந்த இடுக்குகள் அடைபடும். மின் தேவைக்காக அணையில் நீரைச் சட்டென்று குறைத்தால் குழியே காய்ந்துவிடும். பொரித்த குஞ்சுகள் கரையோரக் குட்டைகளில் சிக்கிச் சாகும். அதிலும் தப்பித்தவை கழிமுகத்துக்கு வந்து, நன்னீருக்கும் உப்புநீருக்கும் நடுவே சில வாரங்கள் தின்று வளர்ந்து, உடலை உப்புக்குப் பழக்கிக்கொண்டு கடலுக்குப் போக வேண்டும். ஓரிரு ஆண்டுகளிலிருந்து நான்கைந்து ஆண்டுகள் வரை கடலில் சுற்றிவிட்டு, பிறந்த ஆற்றையே தேடி வரும். ஒரே மீன் தன் ஆயுளில் மேலே சொன்ன பெரும்பாலோரின் அதிகாரத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது. ஒருவர் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டு பயனில்லை. சால்மன் மீட்பு தனித்துறை வேலையாக எங்கும் வெற்றி பெறாததற்குக் காரணம் இந்த வாழ்க்கைச் சுழற்சிதான்.

1854 முதல் 1974 வரை

1854 டிசம்பர் 26 அன்று நிஸ்குவாலி கழிமுகத்திலேயே, மெடிசின் கிரீக் ஓடைக்கரையில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் பழங்குடிகளிடமிருந்து பெரும் நிலப்பரப்பை வாங்கிக்கொண்டார். பதிலுக்கு, அவர்கள் வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களில், குடியேறிய மற்றவர்களோடு பொதுவாக, தொடர்ந்து மீன் பிடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். நிஸ்குவாலிகளுக்கு முதலில் ஒதுக்கிய நிலம் ஆற்றை விட்டுத் தள்ளி இருந்தது. எதிர்த்துப் போரிட்ட தலைவர் லெஷியை 1858ல் தூக்கிலிட்டார்கள். 2004ல் மாநிலத்தில் கூடிய சிறப்பு வரலாற்று நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்றது. போருக்குப் பின் ஆற்றங்கரையில் நிலம் கொடுத்தார்கள். அதிலும் மூன்றில் இரண்டு பங்கை 1917 வாக்கில் ராணுவ முகாமுக்காகப் பியர்ஸ் மாவட்டம் கையகப்படுத்தியது. பின்னாளில் அதே ராணுவத்தோடு உட்கார்ந்துதான் இந்த மக்கள் ஆற்றைப் பற்றிப் பேசினார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நிஸ்குவாலி பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் 1931ல் பிறந்தவர். 14 வயதில், 1945ல், நிஸ்குவாலி ஆற்றில் வலை போட்டதற்காக முதல்முறை கைதானார். அதன்பின் ஐம்பது தடவைக்கு மேல் கைதானார். மாநில அரசின் வாதம் எளிமையானது: மீன் குறைகிறது, ஆற்றில் வலை போடாதே. ஆனால் மீனின் பெரும்பங்கைக் கடலிலேயே வணிகப் படகுகள் அள்ளிக்கொண்டிருந்தன. ஆற்றுக்குத் தப்பி வந்த மிச்சத்துக்காகப் பழங்குடியினர் சிறைக்குப் போனார்கள். 1960களில் அவர்கள் தடையை மீறி வெளிப்படையாக மீன் பிடிக்கும் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 1964ல் நடிகர் மார்லன் பிராண்டோ பக்கத்துப் புயாலப் ஆற்றில் அவர்களோடு சேர்ந்து கைதானபோதுதான் நாட்டின் கவனம் அங்கே திரும்பியது. 1970ல் அதே புயாலப் ஆற்றங்கரையில் இருந்த பழங்குடி முகாமைப் போலீசார் கண்ணீர்ப்புகை வீசிக் கலைத்தார்கள். அதே ஆண்டு மத்திய அரசே பழங்குடிகள் சார்பில் மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டது.

1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்புச் சொன்னார். "பொதுவாக" என்றால் சரிபாதி. இனப்பெருக்கத்துக்கு விட்டது போகப் பிடிக்கக்கூடிய மீனில் பாதி ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு. அதோடு நிற்காமல், மீன்வளத்தை நிர்வகிப்பதிலும் அவர்கள் மாநிலத்தோடு சமபங்காளிகள் என்றார். எனக்கு இந்த இரண்டாவது பகுதிதான் முதல் பகுதியை விடப் பெரியது. மீனில் பங்கு கிடைத்தால் ஒருவர் பயனாளி. நிர்வாகத்தில் பங்கு கிடைத்தால் அவரிடம் கேட்காமல் யாரும் எதையும் செய்ய முடியாது. தீர்ப்பை எதிர்த்து மீனவர்கள் கொதித்தார்கள். நீதிபதியின் உருவபொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். மாநிலம் மேல்முறையீடு செய்துகொண்டே இருந்தது. 1979 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பின் சாரத்தை உறுதிசெய்ததோடு அந்த வாதம் ஓய்ந்தது.

அடுத்த கேள்வி உடனே வந்தது. பாதி மீன் சரி, மீனே இல்லாமல் போனால் எதில் பாதி? மீனின் வாழிடத்தைக் கெடுக்காமல் இருப்பதும் ஒப்பந்தக் கடமைதானா? 1980ல் நீதிபதி ஆரிக் ஆம் என்றார். 1985ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இவ்வளவு பொதுவாகச் சொல்ல முடியாது, குறிப்பிட்ட வழக்கு வரட்டும் என்று அதை ரத்து செய்தது. ஆக, யாருக்கும் முழு வெற்றி இல்லை. மர நிறுவனமோ மின் நிறுவனமோ பண்ணையோ, எப்போது எந்த வழக்கில் மாட்டுவோம் என்று தெரியாது. பழங்குடிகளுக்கும் அடுத்த வழக்கில் என்ன கிடைக்கும் என்று தெரியாது. பேச்சுவார்த்தைக்கு இதைவிடத் தோதான சூழ்நிலை கிடையாது.

பண்ணையில் நடந்த பேச்சு

1985ல் மாநிலச் சட்டமன்றம் நிஸ்குவாலி ஆற்றுக்கு ஒரு மேலாண்மைத் திட்டம் தயாரிக்கச் சொன்னது. ஆற்றங்கரை நிலக்காரர்களுக்கு உடனே பயம் பிடித்துக்கொண்டது. ஆற்றோரத்தில் இத்தனை அடி அரசுக்கு, இந்த வேலைக்குத் தடை, அந்த வேலைக்கு அனுமதி என்று வந்துவிடுமோ என்று எதிர்ப்புக் கிளம்பியது. ரோய் ஊர்ப் பக்கம் 1909லிருந்து ஆற்றை ஒட்டி நடக்கும் வில்காக்ஸ் குடும்ப முட்டைப் பண்ணை அந்த எதிர்ப்பின் மையங்களில் ஒன்று.

பில்லி ஃபிராங்க் அவர்களிடம் நேரில் போனார். பண்ணையை மூட வைப்பது எங்கள் நோக்கம் அல்ல, உங்கள் பண்ணை நடக்க வேண்டும், மீனும் வாழ வேண்டும், இரண்டுக்கும் வழி பார்ப்போம் என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சிலிருந்துதான் எல்லாம் மாறியது என்று அந்த ஆற்றங்கரைக்காரர்களே பின்னாளில் சொல்லி வந்திருக்கிறார்கள். அதே சொற்களை 1965ல் அவர் சொல்லியிருந்தால் யார் காது கொடுத்திருப்பார்கள்? அன்று அவர் வலையோடு பிடிபட்ட கைதி. 1985ல் அவர் மாநிலத்தின் சமபங்காளி. வழக்குப் போடும் வலிமை உள்ளவர். அந்த வலிமையைக் கையில் வைத்துக்கொண்டே, அதை முதலில் எடுக்காமல், எதிராளியின் பிழைப்பைப் பற்றிப் பேசினார். பெருந்தன்மை என்று இதைச் சொல்லலாம். நான் அரசியல் கூர்மை என்றும் சொல்வேன். பண்ணை போனால் அந்த இடத்தில் வீட்டுமனைதான் வரும், வீட்டுமனையை விட வயல் மீனுக்கு நல்லது என்பதும் அவருக்குத் தெரியாததல்ல.

1987ல் சட்டமன்றம் திட்டத்தை ஏற்றது. நிஸ்குவாலி ஆற்று மன்றம் உருவானது. பழங்குடி அரசு, மாவட்டங்கள், ஊராட்சிகள், மின் நிறுவனம், ராணுவ முகாம், தேசியப் பூங்கா, மாநிலத் துறைகள் எல்லாம் உறுப்பினர்கள். பக்கத்திலேயே ஊர்மக்களுக்கென்று ஓர் ஆலோசனைக் குழு. மன்றத்துக்கு யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. இதைப் பலவீனம் என்று நினைப்பவர்கள் உண்டு. உத்தரவு போடும் மன்றமாக இருந்திருந்தால் நிலக்காரர்கள் முதல் கூட்டத்துக்கே வக்கீலோடு வந்திருப்பார்கள். அதிகாரம் இல்லாததால் வந்தவர்கள் பேசினார்கள். கூட்டத்தை ஒரே ஊரில் வைக்காமல் ஆற்றின் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி வைத்ததும் சின்ன விஷயம் அல்ல. மலையடிவார ஊர்க்காரர் கழிமுகத்தின் சேற்றை வந்து பார்த்தார், கழிமுகத்துக்காரர் காட்டைப் போய்ப் பார்த்தார்.

யார் எதை விட்டார்கள்

இந்த மாதிரி நிகழ்வுகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். கூட்டறிக்கையில் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். கையில் இருந்த எதை யார் கீழே வைத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மின் நிறுவனம் தண்ணீரை விட்டது. அணைக்குக் கீழே ஆற்றில் எப்போதும் குறைந்தது இவ்வளவு நீர் ஓட வேண்டும், சட்டென்று ஏற்றி இறக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் 1970களில் தொடங்கிய நீண்ட பிணக்கின் பலன். 1990களில் அணைகளின் உரிமத்தைப் புதுப்பித்தபோது அவை உரிமத்துக்குள்ளேயே வந்தன. விட்ட ஒவ்வொரு கன அடி நீரும் மின்சாரத்தில் இழப்புத்தான்.

ராணுவம் இடம் கொடுத்தது. பழங்குடியினர் நடத்தும் கிளியர் கிரீக் குஞ்சு பொரிப்பகம் முகாம் நிலத்தில்தான் இருக்கிறது. முகாமுக்குள் ஓடும் மக் கிரீக் ஓடை ஒருகாலத்தில் லெஷியின் மக்கள் வாழ்ந்த இடம். குளிர்காலத்தில் தாமதமாக வரும் நிஸ்குவாலியின் தனித்தன்மையான சம் சால்மன் அங்கேதான் முட்டையிடப் போகும். பீரங்கிப் பயிற்சி நடக்கும் இடத்தில் ஓடையைச் சீர்செய்யும் வேலையை ராணுவமும் பழங்குடியினரும் சேர்ந்து செய்கிறார்கள். எடுத்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்ததாக இதை யாரும் நினைக்க வேண்டாம். நிலம் இன்னும் ராணுவத்திடம்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு தீரவில்லை.

நிலக்காரர்கள் சிலர் விற்றார்கள். 1989ல் தொடங்கிய நிஸ்குவாலி நில அறக்கட்டளை, விருப்பப்பட்டு விற்கிறவர்களிடம் மட்டும் ஆற்றோர நிலத்தை வாங்குகிறது; யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. இன்று சால்மன் ஏறிவரும் முதன்மை ஆற்றின் கரையில் முக்கால் பங்குக்கு மேல் நிரந்தரப் பாதுகாப்பில் இருக்கிறது. பியூஜெட் சவுண்டைச் சுற்றியுள்ள மற்ற ஆறுகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். இங்கே ஒப்பந்தம், மன்றம், திட்டம் எல்லாவற்றையும் விட இந்த நிதானமான நிலக்கொள்முதல்தான் ஆற்றுக்கு அதிகம் செய்திருக்கிறது என்பது என் கருத்து. செய்தியில் வராத வேலை. பத்திரமும் பட்டாவுமாக முப்பது ஆண்டுக்கு மேல் நடக்கிற வேலை.

நிஸ்குவாலியில் கலக்கும் ஓஹாப் ஓடையில் இது கண்ணுக்குத் தெரியும். பால் பண்ணைக்காக 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வளைந்து ஓடிய ஓடையை நேரான வாய்க்காலாக வெட்டிப் பள்ளத்தாக்கை வடியவைத்திருந்தார்கள். 2009ல் பழைய வளைவுகளைத் திரும்பத் தோண்டி, நடுநடுவே மரக்கட்டைகளை இறக்கி, கரையில் நாட்டு மரங்களை நட்டு, ஓடையைப் புதுத் தடத்துக்குத் திருப்பினார்கள். கட்டை எதற்கு என்று கேட்கலாம். விழுந்த மரம் நீரோட்டத்தை உடைத்துப் பின்னால் ஆழக் குழி பறிக்கும். குஞ்சுகள் அங்கே வேகத்திலிருந்து ஒதுங்கும், நிழலில் குளிரும். முன்பு ஆற்றில் விழுந்த மரங்களை அகற்றுவதுதான் பராமரிப்பு என்று நினைத்திருந்தார்கள். ஈட்டன்வில் அருகே மாஷல் ஆற்றிலும் பொறியாளர்கள் கணக்குப் போட்டு மரக்கட்டைக் குவியல்களை ஆற்றுக்குள் கட்டியிருக்கிறார்கள்.

பிராந்தியம் முழுக்க

1999 மார்ச்சில் பியூஜெட் சவுண்ட் சினூக் அழியும் அபாயத்தில் உள்ள இனமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. சியாட்டில், டகோமா போன்ற பெருநகரங்கள் உள்ள பகுதியில் இப்படி ஓர் அறிவிப்பு வந்ததால் கட்டுமானம் முதல் சாலை வரை எல்லாவற்றையும் அது தொட்டது. வழக்கமாக மத்திய அரசு மீட்புத் திட்டம் எழுதிக் கீழே அனுப்பும். இங்கே வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸ் (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் முதல் தலைவர், பிறகு வேயர்ஹவுசர் மர நிறுவனத்தில் உயர்பதவி வகித்தவர்), பில்லி ஃபிராங்க் போன்றவர்கள் தலைகீழாகச் செய்யலாம் என்றார்கள். ஒவ்வொரு ஆற்று வடிநிலத்தின் உள்ளூர்த் தலைவர்களும் தங்கள் ஆற்றுக்கான அத்தியாயத்தைத் தாங்களே எழுத, எல்லாம் சேர்ந்து பிராந்தியத் திட்டமாகும். பகிர்ந்த உத்தி என்ற பெயரில் நடந்த இந்த முயற்சியின் திட்டம் 2005ல் சமர்ப்பிக்கப்பட்டு, 2007 ஜனவரியில் மத்திய அரசால் ஏற்கப்பட்டது. நிஸ்குவாலிக்காரர்கள் 2001லேயே தங்கள் சினூக் திட்டத்தை எழுதி முடித்திருந்தார்கள். 1987லிருந்து பேசிப் பழகியவர்களுக்குப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

மற்ற வடிநிலங்கள் எல்லாவற்றுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. ஸ்காகிட் பள்ளத்தாக்கில் விவசாயிகளுக்கும் பழங்குடியினருக்கும் ஓடைக்கரை மரங்கள் பற்றிய சச்சரவு பல ஆண்டுகள் நீண்டது. ஒரே திட்டம், ஒரே சட்டம், ஒரே பணம்; பலன் மட்டும் ஆற்றுக்கு ஆறு மாறுகிறது.

கரை போன பிறகு

கழிமுகத்தில் 1904ல் ஆல்சன் பிரவுன் என்பவர் பண்ணை நிலத்துக்காகக் கடல்நீரைத் தடுத்துக் கரை போட்டார். 1960களில் அந்த இடத்தைக் குப்பைக் கிடங்காகவும் துறைமுகமாகவும் ஆக்கும் யோசனைகள் எழுந்தன. உள்ளூர் மக்கள் போராடித் தடுத்ததால் 1974ல் அது வனவிலங்குப் புகலிடமானது. ஆனால் கரை அப்படியே இருந்தது. உள்ளே நன்னீர்க் குட்டைகள், வாத்துகள், கரைமேல் நடைபாதை.

முதலில் இறங்கியது பழங்குடியினர்தான். ஆற்றின் கிழக்குப் பக்கம் பிராகெட் பண்ணை நிலத்தில் 1996, 2002, 2006 என்று படிப்படியாகக் கரைகளைத் திறந்து, சுமார் 140 ஏக்கரைக் கடலோடு சேர்த்தார்கள். குஞ்சுகள் உள்ளே வருகின்றனவா என்று வலை போட்டுப் பார்த்தார்கள், வந்தன. அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் புகலிடத்தின் பெரிய கரையைப் பற்றிப் பேச முடிந்தது.

அப்போது எதிர்த்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. எட்டொன்பது கிலோமீட்டர் சுற்றுப் பாதையில் பல ஆண்டுகள் நடந்தவர்கள், அங்கே பறவை பார்த்தவர்கள், வாத்து வேட்டைக்காரர்கள் எல்லாருக்கும் அது நிஜமான இழப்பு. கடைசியில் ஒரு பகுதியைப் புதுக் கரைக்குள் நன்னீராகவே வைத்துக்கொள்வது, சேற்றின் மேல் மரப்பலகைப் பாதை போடுவது என்று முடிவானது. வாத்து வேட்டைக்காரர்கள் தொடங்கிய டக்ஸ் அன்லிமிடெட் அமைப்பே வேலையில் பங்காளியானது. 2009ல் சுமார் ஆறரைக் கிலோமீட்டர் கரை போனது. பழங்குடியினரின் நிலத்தோடு சேர்த்தால் ஏறக்குறைய 900 ஏக்கர். அமெரிக்காவின் வடமேற்கில் அதுவரை நடந்த கழிமுக மீட்புகளிலேயே மிகப் பெரியது. 30 கிலோமீட்டருக்கு மேல் பழைய ஓதக் கால்வாய்களில் நீர் திரும்ப ஏறி இறங்கத் தொடங்கியது.

அடுத்த சில ஆண்டுகள் பார்க்க அழகாக இல்லை. நூறாண்டு காய்ந்து கிடந்த மண் சுருங்கித் தாழ்ந்திருந்தது. உப்புநீர் ஏறியதும் உள்ளே இருந்த புல்லும் மரமும் பட்டுப்போய்ப் பெரும் பகுதி வெறும் சேறானது. ஆறு வண்டலைக் கொண்டுவந்து போட்டால் தரை உயர்ந்து உப்புச் சதுப்புப் புல் பிடிக்கும். ஆனால் மேலிருந்து வரும் வண்டலில் மிகப் பெரும் பங்கு ஆல்டர் அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கடல் மட்டமோ உயர்கிறது. தாழ்ந்த இடங்கள் சதுப்பாக மாறுவது எதிர்பார்த்ததைவிட மெதுவாகத்தான் நடக்கிறது.

குஞ்சுகளுக்கு இதனால் என்ன ஆனது என்பதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மீனின் தலைக்குள், காதுப்பகுதியில், கடுகளவுக் கல் ஒன்று இருக்கும். நாளுக்கு ஒரு வளையமாக அது வளர்கிறது. நன்றாகத் தின்ற நாளின் வளையம் அகலம், பட்டினி நாளின் வளையம் குறுகல். கல்லை மெல்லிதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், குஞ்சு எப்போது ஆற்றை விட்டுக் கழிமுகத்துக்குள் வந்தது, அங்கே எத்தனை நாள் இருந்தது, எப்படி வளர்ந்தது என்று படிக்கலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தாரும் பழங்குடி உயிரியலாளர்களும் நிஸ்குவாலி சினூக்கின் கற்களை இப்படித்தான் படித்தார்கள். வயிற்றில் கிடைத்த பூச்சிகளையும் சிறு ஓட்டுயிரிகளையும் எண்ணினார்கள். திறந்துவிட்ட நிலத்தைக் குஞ்சுகள் பயன்படுத்துகின்றன, அங்கே இரை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

மீன் கணக்கு

இவ்வளவுக்கும் பிறகு நிஸ்குவாலி சினூக் மீண்டுவிட்டதா? இல்லை. பியூஜெட் சவுண்ட் சினூக் இன்றும் அபாயப் பட்டியலில்தான் இருக்கிறது. 2007ல் சால்மனைப் போலவே கடலுக்குப் போய்த் திரும்பும் ஸ்டீல்ஹெட் மீனும் அதில் சேர்ந்தது.

இந்த ஆற்றுக்கே உரிய சினூக் வம்சம் அணை, நீர்க்குறைவு, மிகைப்பிடிப்பு, கலப்பு எல்லாம் சேர்ந்து 20ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போய்விட்டது. இப்போது ஆற்றில் ஏறும் சினூக் பெரும்பாலும் கிரீன் ஆற்று வம்சத்திலிருந்து பொரிப்பகங்கள் மூலம் வந்தவை. ஆகவே இங்கே மீட்பு என்றால், வந்தேறி வம்சம் ஒன்று சில தலைமுறைகளில் இந்த ஆற்றுக்குப் பழகித் தானாகவே நிலைபெற விடுவது. அதற்கு இயற்கையாக முட்டையிடும் இடத்தில் பொரிப்பக மீன் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் பழங்குடியினர் பிடித்து விற்பதும் உண்பதும் பெரும்பாலும் அதே பொரிப்பக மீனைத்தான். பொரிப்பகத்தை நிறுத்தினால், ஐம்பது முறை கைதாகி வென்ற உரிமை வெறும் காகிதமாகும். நிறுத்தாவிட்டால் காட்டுமீன் பழகாது. பொரிப்பகக் குஞ்சின் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால் இருக்கும் சிறு கொழுப்புத் துடுப்பை நறுக்கிவிட்டு அனுப்புகிறார்கள். திரும்பி வரும்போது துடுப்பு இருக்கிறதா என்று பார்த்து, எது எந்த மீன் என்று பிரிக்கிறார்கள். துடுப்பு இல்லாததைப் பிடி, இருப்பதை மேலே போக விடு. கேட்க எளிது, செவுளில் மாட்டிச் சாகடிக்கும் செவுள் வலையில் சிக்கிய மீனிடம் அது எடுபடாது. இந்த இழுபறிக்கு நல்ல தீர்வு என்று ஒன்றை யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். இரண்டு பக்கமும் சரி.

கூட்டுமுயற்சியின் எல்லைக்கு வெளியே இருக்கும் காரணங்களும் உண்டு. ஸ்டீல்ஹெட் குஞ்சுகள் பியூஜெட் சவுண்டைக் கடக்கும் சில வாரங்களிலேயே பெருமளவு இறக்கின்றன; கடல்நாய்கள் ஒரு முக்கியக் காரணம். கார் டயர்களில் சேர்க்கும் ரசாயனம் ஒன்று மாறி உண்டாகும் நச்சு, மழைநீரோடு ஓடைக்கு வந்து கோஹோ சால்மனைக் கொல்கிறது என்பது 2020 டிசம்பரில் வெளிவந்த ஆய்வில்தான் தெரிந்தது. ரெய்னியரின் பனிப்பாறைகள் சுருங்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, 2011ல் மேற்கு வாஷிங்டன் பழங்குடிகள் வெளியிட்ட அறிக்கை நேரடியாகச் சொன்னது: நாம் மீட்கும் வாழிடத்தை விட வேகமாக மற்ற இடங்களில் வாழிடம் அழிகிறது. தன்னார்வ ஒத்துழைப்பு மட்டும் போதாது, இருக்கும் சட்டங்களை அமல்படுத்துங்கள் என்று அரசைக் கேட்டார்கள். முன்னின்றவர் அதே பில்லி ஃபிராங்க். ஒத்துழைப்பின் அடையாளமாகக் கொண்டாடப்பட்டவரே இதைக் கேட்டார் என்பதை அவரைப் புகழ்கிறவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். 2014 மே மாதம் அவர் காலமானார். புகலிடத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

சட்டத்தின் கதவை மற்ற பழங்குடிகளும் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சாலைக்கு அடியில் மீன் ஏற முடியாதபடி மாநிலம் போட்ட குழாய்ப் பாலங்களை மாற்றச் சொல்லி 2001ல் போட்ட வழக்கு, 2018ல் உச்ச நீதிமன்றத்தில் 4-4 என்று பிரிந்ததால், கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிலைத்துப் பழங்குடிகளுக்குச் சாதகமாக நின்றது. 1985ல் தொங்கலில் விட்ட கேள்விக்கு, ஒரு பகுதியளவிலாவது விடை அதுதான்.

இப்போது முன்னால் இருப்பது

நிஸ்குவாலி கழிமுகத்தின் மிகப் பெரிய தடை இன்று பண்ணைக் கரை அல்ல, ஐ-5 நெடுஞ்சாலை. சியாட்டிலிலிருந்து போர்ட்லண்ட் பக்கம் காரில் போன தமிழர்கள் எல்லாருமே அதன் மேல் போயிருப்பார்கள். பழைய சாலையை விரித்து 1960களில் உயர்த்திய மண்மேடு, கழிமுகத்தின் குறுக்கே கிடக்கிறது. ஆறும் ஓதமும் குறுகிய பாலத்துக்குக் கீழே மட்டும் நுழைந்து வெளியேற வேண்டும். ஆறு தடம் மாறி வருவதால் பெருவெள்ளத்தில் சாலைக்கே ஆபத்து என்று ஆய்வுகள் சொன்ன பிறகு, மாநில நெடுஞ்சாலைத் துறை பழங்குடியினரோடும் உள்ளூர் நிர்வாகங்களோடும் ராணுவ முகாமோடும் உட்கார்ந்து பேசுகிறது. மண்மேட்டை எடுத்துவிட்டுத் தூண்கள் மேல் நீண்ட பாலம் கட்டுவது என்பது யோசனை. இதில் மீனுக்காக மட்டும் பேசினால் பணம் கிடைக்காது. சரக்கு லாரியும் ராணுவ வண்டியும் வெள்ளத்தில் நிற்கக் கூடாது என்பதும் சேர்ந்தால்தான் கிடைக்கும். எதிராளியின் பிழைப்பைப் பற்றி முதலில் பேசும் அந்தப் பழைய வழக்கம் இங்கே மறுபடி தேவைப்படுகிறது.

ஆற்று மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. சியாட்டில், டகோமா, ஒலிம்பியா பக்கம் வசிக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் தினமும் அந்தப் பகுதியின் சாலைகளையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் பயன்படுத்துகிறோம். நெடுஞ்சாலைத் திட்டத்துக்குப் பொதுக்கருத்துக் கேட்கும்போது, சுங்கமும் வரியும் எவ்வளவு ஏறும் என்று மட்டும் கேட்காமல், மண்மேட்டில் எவ்வளவு நீளத்தைத் திறக்கப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள்.